மூன்று நாள் என்று நான் சொன்னது

அன்புள்ள மகள் தர்ஷிகா,

பாடத் தலைப்புகளைக் கரும்பலகையின் இடது ஓரத்தில் எழுதிப் போடாமல் நான் எந்த வகுப்பையும் தொடங்கியதில்லை. ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆகவே முதலில் தலைப்புகள்:

1. நீ போனில் கேட்டதும், நான் பதில் சொல்லாததும்.
2. வியட்நாமைப் பற்றி நான் தேடிப் படித்தவை, படித்தும் விளங்காதவை.
3. என் கால் வலி.
4. சரியாகத் தெரியாத மொழியில் நோயாளியிடம் பேசக்கூடாது என்பது.
5. என் முடிவு.

உன் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவள் இந்தப் பட்டியலை எட்டிப் பார்த்தாள். "புள்ள கேட்டது போகவா வேணாமான்னு ஒரு கேள்வி. அதுக்கு அஞ்சு தலைப்பா? ஆமாங்கிறதுக்கும் அட்டவணை போடுற மனுசன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் அட்டவணை போடாமல் ஆமாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் உனக்கு வந்து சேராது. அதனால் எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து போனில் அனுப்புகிறேன். பக்க எண் போட்டிருக்கிறேன், வரிசை மாறிவிடாமல் பார்த்துக்கொள்.

முதலாவது. சனிக்கிழமை நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சரியா என்று பார். "அப்பா, டொக்டர் படிப்புக்கு நாலு வாரப் பயிற்சி, வியட்நாம்ல ஒரு மலை மாவட்ட ஆஸ்பத்திரி. எங்களப் பாத்துக்கிற டொக்டருக்கு இங்கிலிஷ் தெரியும். ஆனா வாட்டுல இருக்கிற ஆளுங்களுக்கு அவங்க பாஷை மட்டுந்தான். எனக்கு ஒரு சொல்லு தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள வாறேனா இல்லையான்னு எழுதணும். பாஷை தெரியாமப் போய் நின்னு, என்னால ஒரு ஆளுக்கு ஏதாவது ஆயிட்டா? போகவா, வேணாமா?" இதற்கு நான், "நீயே யோசிச்சுச் செய் மகள். சாப்பிட்டியா?" என்றேன். நீ, சாப்பிட்டேன் என்றாய். போனை வைத்த பிறகு, ஒரு நோயாளி உன்னிடம் கேள்வி கேட்டு நீ இப்படிப் பதில் சொன்னால் நான் என்ன நினைப்பேன் என்று யோசித்தேன். நல்லதாக ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன்.

இரண்டாவது எனக்குப் பிடித்த பகுதி. சனிக்கிழமையிலிருந்து நீ வாங்கித் தந்த இந்தப் போனில் அந்த நாட்டைப் பற்றித்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். நான் படித்ததெல்லாம் சரியோ தெரியாது, நீ சரிபார்த்துக்கொள். நீ போகிற பக்கத்திலும் தேயிலை இருக்கிறதாம். படத்தில் பார்த்தேன். நம்முடைய மலைகளைப் போல நெருக்கமான நிரைகள், ஆனால் கொழுந்து எடுக்கிறவர்கள் கூம்புத் தொப்பி போட்டிருக்கிறார்கள். கூடை தலையில் மாட்டியதா, இடுப்பில் கட்டியதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், தெரியவில்லை. அவர்களுக்கும் காலையில் வரிசையாக நிறுத்திப் பேர் எடுக்கிற பெரட்டு உண்டா? வேலைக்கு வந்தவர்களை யார் எண்ணுகிறார்கள்? பிள்ளை பெற்றவள் எத்தனை நாளில் கொழுந்து எடுக்க மலைக்குத் திரும்ப வேண்டும்? யாரும் இவற்றை எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. நீ போனால் பார்த்து எழுது.

அவர்களுடைய பாஷையில் ஒரே அசைக்கு ஆறு விதமான ஏற்ற இறக்கம் உண்டாம். வலிக்கு 'டாவ்' என்பது போல ஒரு சொல். போன் அதைச் சொல்லிக் காட்டியது. நான் பத்துத் தரம் திருப்பிச் சொன்னேன். குசினியிலிருந்து உன் அம்மா, "நாய்க்கு ஏதாச்சும் ஆயிருச்சாங்க?" என்று கேட்டாள். இன்னொன்று படித்து ஆச்சரியப்பட்டேன். அங்கே எதிரில் இருப்பவரின் வயதைப் பார்த்து, அண்ணன், அக்கா, பெரியப்பா, பிள்ளை என்று உறவு சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டுமாம். டொக்டரானாலும் அப்படித்தானாம். நம்முடைய ஆட்களும் அப்படித்தானே. ஆனால் வெயிலிலும் மழையிலும் வேலை செய்கிற பெண்ணின் வயதை முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? முப்பத்தைந்து வயதுக்காரியைப் பெரியம்மா என்று கூப்பிட்டால் அங்கேயும் முகம் கோணுமா? உடம்பில் காற்றுப் புகுந்துவிட்டது என்று சொல்லி முதுகில் எண்ணெய் தடவி நாணயத்தால் சுரண்டுகிற வைத்தியமும் இருக்கிறதாம். முதுகெல்லாம் சிவப்புக் கோடு விழுமாம். யாரோ அடித்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதே. இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு ஆசையாக இருக்கிறது என்று தெரியவில்லை. இந்த வயது வரை நான் போன தூரம் ஒரு பக்கம் கொழும்பு, மறுபக்கம் பெல்மதுளை.

மூன்றாவதை எழுத இரண்டு காலைப் பொழுதுகள் ஆயின. நான் முன்பெல்லாம் நம்முடைய தோட்டத்து ஆட்களோடு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்பது உனக்கு நினைவிருக்கும். இங்கே சின்னப் பிள்ளைகூட சிங்களம் பேசும், கடையில் சாமான் வாங்கும், பஸ்ஸில் சண்டை பிடிக்கும். ஆனால் டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் பலருக்கு நாக்கு எழும்பாது. அதனால் ஆண்டு பதினொன்று வரை சிங்களமும் கணிதமும் படிப்பித்த மாஸ்டர் கூட வந்தால் நல்லது என்று கூப்பிடுவார்கள். நானும் போவேன். அந்த நாட்களில் அங்கே ஓர் இளம் டொக்டர் இருந்தார், நல்ல பிள்ளை. "மாஸ்டர் வந்தால் எனக்கு வேலை லேசு" என்று சிங்களத்தில் சொல்வார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போதுதான் வெளியே சொல்கிறேன். அவர் கேட்பார், நான் கேட்பேன், பதில் வரும், நான் அதை அழகாகச் சுருக்கிச் சொல்வேன். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆகாது.

நீ உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம், கீழ் டிவிஷன் செல்வராணியோடு போனேன். கொழுந்து எடுக்கிற பெண், நாற்பது வயதிருக்கும். காய்ச்சல், உடம்பு வலி. வெளியே முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று டொக்டர் கேட்டார். நான் அவளிடம் கேட்டேன். "மூணு நாளுங்க மாஸ்டர். வெள்ளிக்கிழமையில இருந்து மலைக்குப் போகல" என்றாள். நான் டொக்டரிடம் "தவஸ் துனய்" என்றேன். மூன்று நாள். அவர் எழுதிக்கொண்டார். மாத்திரை கொடுத்து, குறையாவிட்டால் இரண்டு நாளில் வரச் சொன்னார்.

மகள், நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவள். நம்முடைய பெண்கள் சுகமில்லாத நாளை எப்படி எண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியும். மேல் கொதிக்கக் கொதிக்க மலைக்குப் போனால் அது சுகமில்லாத நாள் கிடையாது. பெரட்டுக்குப் போக முடியாமல் வீட்டில் படுக்கிற நாளிலிருந்துதான் அவர்களுடைய எண்ணிக்கை தொடங்கும். அவள் சொன்ன இரண்டாவது வசனத்திலேயே அது இருந்தது. எனக்குக் கேட்டது, விளங்கியது. மலைக்குப் போன நாட்களிலும் காய்ச்சல் இருந்ததா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். டொக்டர் அடுத்த ஆளின் துண்டைக் கையில் எடுத்துவிட்டார். அவரைக் காக்க வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வேலை லேசு என்று சொன்னவரின் வேலையைக் கூட்ட மனமில்லை.

இரண்டாம் நாள் அவளை மயக்கத்தில் தூக்கிக்கொண்டு போனார்கள். எலிக்காய்ச்சல். சிறுநீரகம் வேலை செய்யாமல் போய், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மெஷினில் இரத்தம் சுத்தப்படுத்தி, மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டாள். ஆனால் மலை ஏறி வேலை செய்ய முடியாமல் போனது. இப்போது பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அந்தக் கிழமையிலிருந்து யார் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் எனக்குக் கால் வலி என்று சொல்லிவிட்டேன். நீயும் நம்பினாய். முதல் வருட விடுமுறையில் வந்தபோது என் முழங்காலைப் பிடித்துப் பார்த்து, "வீக்கம் ஒண்ணும் இல்லையே அப்பா" என்றாய். எனக்குக் காலில் ஒன்றும் இல்லை, மகள். இருந்ததும் இல்லை.

நான்காவது. உனக்கு ஐந்து வயது, அவிசாவளைக்கு பஸ்ஸில் போகிறோம். நீ கண்டக்டரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டாய். சொற்கள் முன்னும் பின்னுமாக வந்தன. அவர் சிரித்தார், இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்கு வியர்த்துவிட்டது. உன் காதருகில் குனிந்து, "சரியாத் தெரியாட்டிப் பேசாத" என்றேன். நீ அவிசாவளை வரை பேசவில்லை. பிறகு ஒரு வருடம் வீட்டில் மட்டும் பேசிப் பார்த்து, வெளியே வாய் திறந்தபோது ஒரு பிழையும் இல்லாத சிங்களம் பேசினாய். நான் சொன்னது பலித்தது என்று பெருமைப்பட்டேன். மருத்துவ பீடத்தில் ஆங்கிலத்துக்கும் அப்படித்தான் செய்தாய் என்று உன் சிநேகிதி சொன்னாள், முதல் ஆறு மாதம் வகுப்பில் உன் குரலையே கேட்கவில்லையாம். இந்தத் தலைப்பின் கீழ் நான் உனக்கு எழுத நினைத்தது இதுதான்: பிழையான மொழி நோயாளிக்கு ஆபத்து, முழுதாகத் தெரிந்தவர் வரும் வரை வாயை மூடிக்கொண்டு நில். அதைவிட நல்லது, போகாமலே இரு.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு சந்தேகம் வந்தது. செல்வராணிக்கு உண்மையில் எத்தனை நாளாகக் காய்ச்சல்? ஆறா, எட்டா, பத்தா? அவளுடைய உயிரையே உனக்குப் பாடமாக எழுதுகிறேன், கணக்கு மட்டும் என் கையில் இல்லை. தெரியாததை ஒரு டொக்டருக்கு எழுதக்கூடாது. ஆகவே இன்று புதன்கிழமை காலை சட்டையை மாட்டிக்கொண்டு கீழ் டிவிஷனுக்கு நடந்தேன்.

பிள்ளைக் காம்பராவில் ஆறு தொட்டில்கள் தொங்கின. செல்வராணி ஒரு காலால் ஒரு தொட்டிலை ஆட்டியபடி கையில் ஒரு குழந்தையை வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "அடடே, மாஸ்டரா! கால் வலி விட்டுருச்சாங்க?" என்றாள். ஆறு வருடமாக அவள் அதை நம்பியிருக்கவில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது.

வழியெல்லாம் மனதில் ஒழுங்குபடுத்தி வந்ததை நின்றுகொண்டே சொன்னேன். "செல்வராணி, அன்னைக்கு நீ மூணு நாள்னு சொன்னது மலைக்குப் போகாத நாளுன்னு எனக்குத் தெரியும். டொக்டர்கிட்ட நான் அதச் சொல்லல. உங்கிட்டத் திருப்பிக் கேக்கவும் இல்ல. அவசரப்பட்டுட்டேன்."

அவள் தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினாள். "அதுக்குத்தான் இந்தப் பக்கமே வராம இருந்தீங்களா? நாங்க ஏதோ தப்பா பேசிட்டோம்னு இல்ல நெனச்சோம்" என்றாள். பிறகு, "கோவம் வருதுங்க மாஸ்டர். வராதுன்னு சொல்ல மாட்டேன். அன்னைக்கே தெரிஞ்சிருந்தா லயமே கேக்க ஏசியிருப்பேன். இப்ப ஏசினா இதுக எல்லாம் முழிச்சிரும்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "உக்காருங்க. நின்னா மட்டும் என்ன ஆகப் போவுது" என்று ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினாள்.

காய்ச்சல் உண்மையில் எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டேன். யோசிக்காமல் பதில் சொன்னாள். "மலைக்குப் போகாம இருந்ததுக்கு முந்தி அஞ்சு நாள். தண்ணி ஓடுற கான் வெட்டித் துப்புரவாக்கினதுக்கு அடுத்த வாரம். பெரிய ஆஸ்பத்திரியில அந்தப் புள்ளதான் கண்டுபிடிச்சிச்சு."

எந்தப் பிள்ளை என்று கேட்டேன். டொக்டருக்குப் படிக்கிற ஒரு சிங்களப் பெண்ணாம், இப்போதைய உன் வயது அப்போது இருக்குமாம். "அது பேசுற தமிழக் கேட்டீங்கன்னா வயிறு வலிக்கச் சிரிப்பீங்க. எனக்குச் சிரிக்கவும் தெம்பில்ல. எத்தனை நாளுன்னு கேக்கத் தெரியல அதுக்கு. பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சிக்கிட்டு, 'அம்மே, நேத்து நீ என்ன செஞ்சது?' அப்படின்னிச்சு. படுத்திருந்தேன்னேன். 'அதுக்கு நேத்து?' அதுக்கும் படுத்திருந்தேன். 'அதுக்கு நேத்து?' இப்படியே போகுதுங்க மாஸ்டர், விடவே இல்ல. இது தமிழ் படிக்குதாக்கும், பாவம், நாமளும் ஒத்தாசையா இருப்போம்னு நெனச்சு ஒவ்வொரு நாளா சொன்னேன். வியாழக்கிழமை கொழுந்து எடுத்தேன், தேத்தண்ணி நேரம் வாந்தி. புதன்கிழமை மேல்மலை, கெண்டைக்கால் வலியில ஏற முடியல, உக்காந்து உக்காந்து ஏறுனேன். செவ்வாக்கிழமை குளிருல பல்லு கிட்டிச்சு, ஆனா நாள் தவறல. எல்லாத்தையும் விரலு விட்டு எண்ணிச்சு. எழும்பி ஓடிச்சு. கொஞ்ச நேரத்துல பெரிய டொக்டர் வந்து என் கெண்டைக்கால அமுக்கிப் பாத்துட்டு ஊசிய மாத்தச் சொன்னாரு."

"இதையெல்லாம் ஏன் அன்னைக்கு எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. ஆனால் எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "உங்ககிட்டயா? நீங்க நம்ம ஆளு, லயத்துல பொறந்தவரு, மாஸ்டரு வேற. உங்களுக்குத் தெரியாததா? தெரிஞ்ச ஆளுகிட்ட யாருங்க வெளக்கிச் சொல்லிக்கிட்டு இருப்பா? அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. அதான் எல்லாத்தையும் சொன்னேன்."

தொட்டிலில் இருந்த குழந்தை சிணுங்கியது. மறுபடியும் ஆட்டத் தொடங்கினாள். நான் எழும்பியபோது, "செவ்வாக்கிழமை என் மருமகளுக்குக் கிளினிக்குங்க. மூணு மாசம். டவுன் ஆஸ்பத்திரிதான். கால் சொகமாயிட்டதால கேக்கிறேன்" என்றாள். வருகிறேன் என்றேன். "அவசரப்படாமக் கேளுங்க" என்றாள்.

திரும்பி வரும் வழியில், அந்தப் பெண் எந்த ஊராக இருக்கும், இப்போது எங்கே டொக்டராக இருப்பாள், அவளுடைய தகப்பன் பஸ்ஸில் அவளிடம் என்ன சொல்லி வளர்த்தான் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். என்னிடம் இரண்டு மொழியும் முழுதாக இருந்தன. நான் ஒரு கேள்வி கேட்டேன். அவளிடம் ஐந்தாறு சொற்கள் இருந்தன. அவள் ஒவ்வொரு நாளாகக் கேட்டாள். மொழி தெரியாததால்தான் அவள் எதையும் ஊகிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததால் நான் ஊகித்தேன், பிறகு ஊகித்ததையும் சொல்லாமல் விட்டேன்.

ஒன்றை மட்டும் மாற்ற மாட்டேன். மருந்து தீர்மானிக்கிற இடத்தில், கத்தி வைக்கிற இடத்தில், மொழி தெரிந்த டொக்டர் உன் பக்கத்தில் இருக்கட்டும். உனக்கு விளங்காததை விளங்கியது போலத் தலையாட்டாதே, அந்தப் பழக்கம் என்னோடு போகட்டும். மற்ற நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார். நேற்று என்ன செய்தீர்கள், அதற்கு முதல் நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்க மட்டும் அந்த மொழியில் கற்றுக்கொண்டு போ. ஆறு ஏற்ற இறக்கமும் பிழையாக வரட்டும். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, பாவம் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று, தெரிந்தவர்களுக்குச் சொல்லாததை உனக்குச் சொல்வார்கள். அவர்கள் சுகமில்லாத நாளை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மிகவும் ஆசை.

ஐந்தாவது, என் முடிவு: போ, மகள். வருகிறேன் என்று இன்றைக்கே எழுதிவிடு, வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்காதே. உன் அம்மா பட்டியல் பார்த்த அன்றைக்கே இதைச் சொல்லிவிட்டாள், எனக்குத்தான் நான்கு நாள் பிடித்தது.

முதல் பக்கத்தில் ஒரு வரியின் மேல் கோடு இருப்பதைப் படத்தில் பார்த்திருப்பாய். பிழையை அழிக்காதீர்கள், வாசிக்கத் தெரியும்படி கோடு போடுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதனால் நீ அதை வாசிக்கலாம். பஸ்ஸில் உனக்குச் சொன்னதும் அதுதான். நான்காவது தலைப்பு பிழை.

அன்புடன்,
அப்பா